குழுவில் போய் உட்காருவதால் ஜிபிக்கு என்ன பலன்?

புறநகர் ஜிபி:
லண்டன் புறநகரில் ஜிபி (குடும்ப மருத்துவர்) நான். கிளினிக்கில் பார்ட்னராகி நாலு வருடம். எங்கள் பகுதிச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்கும் ஐசிபி, சர்க்கரை நோய்ச் சேவையை மாற்றியமைக்கும் குழுவுக்கு என்னைக் கூப்பிடுகிறது. வாரம் அரை நாள், லோக்கம் (எனக்குப் பதில் வரும் டாக்டர்) செலவு அவர்களுடையது. "ஜிபிக்கள் கையிலேயே பட்ஜெட் இருந்த ஃபண்ட்ஹோல்டிங் காலத்திலிருந்து பார்க்கிறேன், பெயர்ப் பலகைதான் மாறும்" என்கிறார் சீனியர் பார்ட்னர். போகலாமா?

ஓய்வுபெற்ற ஜிபி:
அவர் சொல்வதில் பாதி சரி. பணம் ஒதுக்கும் முறை மாறிக்கொண்டேதான் வந்தது: 1991இல் ஃபண்ட்ஹோல்டிங், அப்புறம் பிரைமரி கேர் டிரஸ்ட், 2013இல் 211 சிசிஜி, 2022 ஜூலையில் 42 ஐசிபி. சிசிஜியில் முதல் நாளிலிருந்து மூடும் நாள்வரை இருந்தவன் நான். அப்போது எல்லா சர்ஜரிகளும் (ஜிபி கிளினிக்குகளும்) அதில் உறுப்பினர். 2022 சட்டமோ, ஐசிபி நிர்வாகக் குழுவில் ஜிபிக்கள் தரப்பில் குறைந்தது ஒருவர் இருந்தால் போதும் என்றது. அந்த ஒருவருக்கு உங்கள் தெரு எங்கே தெரியப் போகிறது? உள்ளூர்க் குழுவை விடாதீர்கள்.

எங்கள் பாத கிளினிக்குக்குப் பலர் வருவதில்லை என்று ஒரு அட்டவணை வந்தது. நினைவூட்ட எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றார்கள் மேனேஜர்கள். எனக்கு என் நோயாளி ஒரு பாட்டி ஞாபகம் வந்தது. காலில் புண்ணோடு இரண்டு பஸ் மாறி, மேடும் ஏற வேண்டும். ஆங்கிலக் கடிதம், பேரன் வருகிற ஞாயிறுவரை ஃப்ரிட்ஜ் மேல் பிரிக்காமல் கிடக்கும். வராதவர்களைப் போஸ்ட்கோடு வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னோம். பெரும்பாலும் நேர் பஸ் இல்லாத பக்கம்! கிளினிக்கை வாரம் இரண்டு நாள் பக்கத்து ஹெல்த் சென்டருக்குக் கொண்டுவரப் பதினாலு மாதம். அதற்குள் மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள்.

போகும் முன் ஒன்று கேளுங்கள்: குழு முடிவெடுக்குமா, கருத்து மட்டும் சொல்லுமா? அப்புறம், ஜிபிக்களுக்கே பணம் போகிற விஷயம் வந்தால் உங்களை வெளியே போகச் சொல்வார்கள். கோபப்படாதீர்கள், நியாயம்தான்.

பிராக்டிஸ் நர்ஸ்:
அந்தப் பாட்டியின் பாதத்தை வருடா வருடம் பார்த்தது யார் டாக்டர்? எங்கள் சர்ஜரியில் சர்க்கரை நோயாளிகளின் ஆண்டுப் பரிசோதனை முழுக்க நானும் ஃபார்மசிஸ்டும்தான். குழு என்றால் மட்டும் டாக்டரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

புறநகர் ஜிபி:
கேட்டுவிட்டேன் ஐயா. கருத்து மட்டும்தானாம். நர்ஸுக்கு இடமும் இல்லையாம். என் அரை நாளை எங்கள் நர்ஸும் நானும் மாறி மாறி எடுத்துக்கொள்ளலாமா என்று மெயில் போட்டிருக்கிறேன். பார்ட்னர் சிரிக்கிறார்.