மண் பாக்டீரியாவை வளர்த்துப் பூஞ்சைக்கொல்லி எடுக்கலாமா?

வேர்க்கால்: மண்ணிலிருந்து பேசில்லஸ் வகை பாக்டீரியா ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டில் அதன் பக்கத்தில் வேரழுகல் தரும் ஃப்யூசேரியம் பூஞ்சையை வைத்தால், பூஞ்சை ஒரு விரற்கடைக்கு முன்பே நின்றுவிடுகிறது. நிறைய வளர்த்து, வடிகட்டி, சாற்றைத் தெளித்தால் வேரழுகலுக்கு வேறு மருந்தே வேண்டாம் என்பது என் கட்சி. 1950இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஹேசனும் பிரவுனும் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்தை எடுத்ததும் மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்துதானே?

தட்டுவாசி: அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். ஹேசன் நியூயார்க்கில் மண்ணைச் சோதிப்பார், பூஞ்சையைத் தடுக்கும் வளர்ப்பை மட்டும் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார், பிரவுன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பெரும்பாலானவை சோதனை விலங்குகளுக்கும் விஷமாக இருந்ததால் குப்பைக்குப் போயின. தட்டில் வெற்றிடம் விழுவது வாசற்படிதான் ஐயா, வீடு இல்லை.

வேர்க்கால்: என் பேசில்லஸ் தருவது இட்யூரின், ஃபென்ஜைசின் மாதிரி லிப்போபெப்டைடுகள் (கொழுப்பும் புரதத் துண்டும் சேர்ந்த பொருள்கள்). பூஞ்சையின் சவ்வை ஓட்டையாக்கும், அவ்வளவுதான்.

தட்டுவாசி: தருகிறது என்று எப்படித் தெரியும்? இனமே உறுதியாகவில்லையே. பேசில்லஸ் சீரியஸும் அதே குடும்பம்தான். அதன் வாந்தி நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அப்புறம், இட்யூரின் பெரும்பாலும் வளர்ச்சி அடங்கிய பிறகுதான் சுரக்கும். பாக்டீரியா பெருகிக் கரைசல் கலங்கியதும் வடிகட்டினால் கையில் என்ன மிஞ்சும்?

வேர்க்கால்: அதில் சூடுபட்டேன், ஒப்புக்கொள்கிறேன். காற்றும் நிறைய வேண்டும். பம்பு போட்டால் நுரை பொங்கி, பாதிக் கரைசல் தரைக்குப் போய்விட்டது.

தட்டுவாசி: சர்ஃபாக்டின் செய்த வேலையாக இருக்கும். அதுவும் உங்கள் லிப்போபெப்டைடு கூட்டத்தில் ஒன்றுதான். சோப்பு மாதிரி நுரைக்கும்.

களிமண்: குறுக்கே வருகிறேன். சாறு எதற்கு? உயிரோடு மண்ணில் விடுங்கள். தொடர்ந்து கோதுமை போட்ட நிலங்களில் சில வருடங்களுக்குப் பின் வேர்நோய் தானாகக் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். வேரோரம் பெருகும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் சுரக்கும் பூஞ்சை எதிர்ப்புப் பொருளுக்கு அதில் பெரிய பங்கு. பாக்டீரியா தரும் பைரால்நைட்ரின் என்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருள் வெயில் பட்டால் சிதைந்துவிடும், அதனால்தான் அதை மாதிரியாக வைத்து ஃப்ளூடியாக்சனில் என்ற பூஞ்சைக்கொல்லியைச் செய்தார்கள். நீங்களோ சாற்றை வெயிலில் தெளிக்கப் பார்க்கிறீர்கள்.

தட்டுவாசி: உயிரோடு விட்டால் மட்டும்? மண்ணில் ஏற்கெனவே இருப்பவை புதியவனுக்கு இடம் தராது. எண்ணிக்கை சரசரவென்று இறங்கிவிடும்.

களிமண்: பேசில்லஸ் வித்தாக (கடினமான உறைக்குள் உறங்கும் நிலை) மாறித் தாங்கும். நாற்றின் வேரை நனைத்து நடுங்கள், முதல் ஆளாக இடம் பிடிக்கும்.

வேர்க்கால்: சரி, நான்கு வரிசை வைக்கிறேன். வெறும் தண்ணீர், பாக்டீரியா சேர்க்காத ஊடகம் (அதை வளர்க்கும் சத்துக் கரைசல்), வடித்த சாறு, உயிருள்ள கரைசல்.

தட்டுவாசி: ஐந்தாவதாகக் கொதிக்க வைத்த சாறு. லிப்போபெப்டைடு சூட்டைத் தாங்கும், வடிகட்டலில் தப்பிய பாக்டீரியா பெரும்பாலும் செத்துப்போகும். வித்து சில தங்கலாம், அதைத் தட்டில் போட்டுப் பாருங்கள். ஆனால் இனம் தெரியும்வரை கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சாப்பிடும் செடியிலும் வேண்டாம். வரிசைக்கு ஒரே ஒரு செடி வைத்துவிட்டு முடிவு சொல்ல வந்தால் நான் படிக்க மாட்டேன்.