டி-ஷர்ட் 'பயோ வாஷ்': செல்லுலேஸ் போட்டும் துணி ஏன் ஓட்டையாவதில்லை?

நூல்கண்டு:
பயோடெக் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 'பூஞ்சையும் தொழில்துறையும்' என்று செமினார் தலைப்பு. பெனிசிலின், சிட்ரிக் ஆசிட் இரண்டையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதனால் என்சைம் பக்கம் போகலாம் என்று பார்க்கிறேன். டி-ஷர்ட் விளம்பரத்தில் 'பயோ வாஷ்' என்று போடுகிறார்களே, அது பூஞ்சையிலிருந்து எடுக்கும் செல்லுலேஸ் என்று படித்தேன். பருத்தியைச் சிதைக்கிற என்சைமைப் பருத்தித் துணி மேலேயே போட்டால் துணி ஓட்டையாகாதா? இன்னொன்று, பூஞ்சையில் செங்கல், பேக்கிங் பெட்டி எல்லாம் செய்து 'உயிருள்ள பொருள்' என்கிறார்கள். நிஜமாகவே உயிர் இருக்கிறதா?

சாயப்பட்டறைக்காரன்:
விட்டால் ஓட்டையாகும் தம்பி, அதனால்தான் நேரம் பார்த்து நிறுத்துகிறோம். திருப்பூரில் பயோ வாஷ் தினசரி வேலை. பனியன் துணியில் நூலுக்கு வெளியே சின்னச் சின்ன இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், நாலு துவையலில் அவைதான் சின்ன உருண்டைகளாகத் திரண்டு பில்லிங் ஆகும். என்சைம் மூலக்கூறு பெரியது, முறுக்கிய நூலுக்குள் சுலபமாகப் புகாது, வெளியே நிற்கிற பிசிறைத்தான் முதலில் பிடிக்கும். அதையும் முழுதாக அறுப்பதில்லை, நைய வைக்கிறது, அவ்வளவுதான். மெஷினில் துணியோடு துணி உரசும்போதுதான் பிசிறு உதிரும், அதனால் ஓட்டம் சரியில்லாத மெஷினில் எவ்வளவு என்சைம் ஊற்றினாலும் காசுதான் வீண்.

ஆசிட் செல்லுலேஸ் என்றால் அசிட்டிக் ஆசிட் விட்டு பிஎச் 4.5 முதல் 5.5, சூடு 50–55 டிகிரி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அப்புறம் 80 டிகிரிக்கு ஏற்றினால் என்சைம் செயலிழந்துவிடும், சோடா ஆஷ் போட்டு பிஎச்சை ஏற்றியும் நிறுத்தலாம். துணி எடையில் 3–5 சதவீதம் போகும். அதற்கு மேல் போனால், துணி எவ்வளவு அழுத்தத்தில் கிழிகிறது என்று பார்க்கும் பர்ஸ்டிங் டெஸ்டில் மாட்டிக்கொள்வோம். நூறு சதவீத பாலியஸ்டர் டி-ஷர்ட்டிலும் 'பயோ வாஷ்' என்று போட்டு விற்கிறார்கள், அதில் பருத்தியில் இருக்கிற செல்லுலோஸே கிடையாது, என்சைம் எதைத் தின்னும்?

மதி_மைக்ரோ:
அண்ணன் சொன்னது துணிப் பக்கம், நான் பூஞ்சைப் பக்கம் சொல்கிறேன். செமினாருக்கு, செல்லுலேஸ் தருகிற டிரைக்கோடெர்மா ரீசை என்கிற பூஞ்சையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் கண்ட வேகத்தில் மக்கின. எது மக்க வைக்கிறது என்று தேடிச் சேகரித்த பூஞ்சைகளில் ஒன்று சாலமன் தீவுகளிலிருந்து வந்த, கியூஎம்6ஏ என்று குறியிட்ட இந்த ரீசை ரகம். முதலில் இதை ஒழிக்கத்தான் ஆராய்ந்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் இருவரும் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் இதன் செல்லுலேஸைத் துருவித் துருவிப் பார்த்த பிறகு கதை திரும்பியது. 1977-ல் ரீஸ் பெயரையே இனத்துக்கு வைத்தார்கள். இன்று தொழிற்சாலைகளில் ஓடும் ரீசை ரகங்கள் எல்லாம் அந்த ஒரே கூடாரப் பூஞ்சையின் வம்சம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. குளுக்கோஸ் கிடைத்துவிட்டால் இந்தப் பூஞ்சை செல்லுலேஸ் தயாரிப்பதைக் குறைத்துவிடும், சோறு கையில் இருக்கும்போது நெல் குத்துவானேன் என்கிற மாதிரி. அந்தத் தடையைத் தளர்த்த புறஊதாக் கதிரும் ரசாயனமும் கொடுத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியதுதான் ரட்-சி30 ரகம். சிறப்பாக வளர்த்த ரகங்கள் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் புரதத்தை வெளியே கக்குகின்றன. 2008-ல் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, தாவரங்களைச் சிதைக்கும் மற்ற பூஞ்சைகளைவிட இதற்குச் செல்லுலேஸ் மரபணுக்கள் குறைவு என்று தெரிந்தது. இதன் பலம் வகைகளில் இல்லை, கக்குகிற அளவில்தான்.

நூல்கண்டு:
நன்றி அண்ணா, நன்றி மேடம். செமினாருக்கு இதுவே தாராளம். அந்தச் செங்கல் விஷயம் யாருக்காவது தெரியுமா? சிப்பிக் காளான் வித்து வாங்கி ஒரு மாதிரி செய்து காட்ட முடியுமா?

காளான்கூடை:
விற்பனைக்கு வருகிற பெட்டியில் பெரும்பாலும் உயிர் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 2007-ல் தொடங்கிய ஈக்கோவேட்டிவ் நிறுவனத்தின் முறையையே பார், விவசாயக் கழிவை அச்சில் நிரப்பி, பூஞ்சை இழைகள் அதைப் பின்னிப் பிடித்ததும் சூட்டில் காயவைத்துக் கொன்றுவிடுவார்கள். இல்லாவிட்டால் பெட்டியிலேயே காளான் முளைக்கும். நிஜமாகவே உயிரோடு வைத்திருப்பது இன்னும் ஆய்வகத்தில்தான். 2025-ல் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நியூரோஸ்போரா என்கிற பூஞ்சையின் இழையைச் சாரக்கட்டு மாதிரி வைத்து, அதன் மேல் பாக்டீரியாவால் சுண்ணாம்பு படியவைத்து, செல்கள் ஒரு மாதமாவது உயிரோடு இருப்பதைக் காட்டினார்கள். வீடு கட்டுகிற பலம் அதற்கு இன்னும் வரவில்லை, செய்தித் தலைப்புகளை அப்படியே நம்பாதே.

மாதிரி தாராளமாகச் செய்யலாம். வித்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும். வைக்கோலைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, ஈரம் வடித்து ஆறவிட்டு வித்தைக் கல, கையைச் சுத்தமாக வைத்துக்கொள். அச்சில் நன்றாக அழுத்து, தளர்வாக இருந்தால் உதிரும். முழுக்க வெள்ளை படர்ந்ததும், மொட்டு வைப்பதற்குள் எடுத்துக் காயவை. நடுவில் பச்சை படர்ந்தால் அது பெரும்பாலும் டிரைக்கோடெர்மாதான், மதி சொன்ன பூஞ்சையின் பங்காளி, காளான் போடுகிற எங்களுக்குப் பரம எதிரி. திறந்து பார்க்காமல் அப்படியே கட்டித் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கோலில் ஆரம்பி, செமினார் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே.