கஸ்டம் எலெக்ட்ரிக் கிட்டார்: எதைக் கேட்டு வாங்குவது, எதை விட்டுவிடுவது?

வளைகம்பி:
எனக்கென்று ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யச் சொல்லியிருக்கிறேன். மரம் இன்னும் அறுக்கவில்லை, அதனால் மாற்ற நேரம் இருக்கிறது. இப்போதைய பட்டியல் இதுதான்: 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 24 ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோகப் பட்டி), எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காம்பவுண்ட் ரேடியஸ், ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (கம்பியைப் பூட்டிவைக்கும் ட்ரெமலோ, தண்டால் ஆட்டிச் சுதியை ஏற்றி இறக்கலாம்), இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), நடுவில் ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்), இரண்டு ஹம்பக்கருக்கும் காயில் ஸ்ப்ளிட் (ஒரு சுருளை மட்டும் ஒலிக்கவிடுவது), தனியாக ஒரு ஃபேஸ் சுவிட்ச் (ஒரு பிக்கப்பின் அலையைத் தலைகீழாக்குவது), மஹோகனி பாடியின் மேல் மேப்பிள் டாப். ப்ளூஸ், ஃபங்க், கொஞ்சம் மெட்டல் வாசிப்பேன். ஒரே கிட்டாரில் எல்லாம் முடிய வேண்டும் என்பது ஆசை. எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம்?

ஒற்றைக்காயில்:
எடுக்கலாம் என்றால் பாதியை எடுக்கலாம். ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலனின் அந்தக் கோடு போட்ட கிட்டாரில் ஒரு ஹம்பக்கர், ஒரு குமிழ். குமிழின் தலையில் ‘டோன்’ என்று எழுதியிருக்கும், வேலை என்னவோ வால்யூம்தான். அதை வைத்து அவர் வாசித்ததை இன்றைக்கும் எல்லாரும் காப்பி அடித்துக்கொண்டிருக்கிறோம். சுவிட்ச் கூடினால் மேடையில் அது தப்பான இடத்தில் நிற்பதும் கூடும். அப்புறம் காயில் ஸ்ப்ளிட் செய்தால் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) ஒலி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒலி மெலியும், ஹம்பக்கர் அடக்கி வைத்திருந்த இரைச்சல் திரும்பி வரும், அவ்வளவுதான்.

வளைகம்பி:
அப்படியென்றால் குயீன் குழுவின் பிரையன் மே? அப்பாவும் மகனுமாக 1963இல் வீட்டில் செய்ய ஆரம்பித்த கிட்டார். மூன்று பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், ஒரு ஃபேஸ் சுவிட்ச், ஆக மொத்தம் ஆறு. அதை வைத்துக்கொண்டு அவர் மேடையில் தடுமாறியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோது அதில் இருந்தது மூன்று நிலை சுவிட்ச். வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவில் செருகி நிறுத்தி, இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசித்தார்கள். ஐந்து நிலை சுவிட்ச்சை ஃபெண்டர் 1977இல்தான் போட்டது. வாசிப்பவன் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லிவிட முடியுமா?

ஒற்றைக்காயில்:
கேட்கலாம். ஆனால் அவர்கள் ஒரு ஒலியைத் தேடி அங்கே போனார்கள். நீங்கள் எல்லா ஒலியையும் ஒரே பலகையில் போட்டு வைத்துவிட்டுப் பிறகு தேடலாம் என்கிறீர்கள். பிரையன் மேயின் ஸ்கேல் 24 அங்குலம், கவனித்தீர்களா? கம்பி மிருதுவாக வளையும். சுவிட்ச்களைவிட அதுதான் என் கண்ணில் படுகிறது.

உளி:
நான் கிட்டார் செய்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பிக்கப் பெயரில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பிக்கப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மாலை நேரம். ஸ்கேல் நீளம், நெக்கின் கனம், ஃப்ரெட் எண்ணிக்கை, பாடியின் எடை, இவற்றைப் பின்னால் தொட முடியாது. வளைகம்பியின் பட்டியலில் நெக்கின் வடிவம் பற்றி ஒரு சொல்கூட இல்லை! எனக்கு அதுதான் ஆச்சரியம்.

நீங்கள் விரும்பி வாசிக்கும் கிட்டார் எதுவோ அதை எடுத்துக்கொண்டு போய் அளக்கச் சொல்லுங்கள். முதல் ஃப்ரெட்டில் நெக் எத்தனை மி.மீ. கனம், 12ஆவதில் எத்தனை, நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி தங்கும் பட்டை) அகலம் என்ன. ஃபெண்டர் நட் சுமார் 42 மி.மீ., கிப்சன் சுமார் 43. காகிதத்தில் ஒன்றுமில்லை, கை உடனே கண்டுபிடித்துவிடும். தோள் வளைவும் அப்படித்தான். ஒரே கனத்தில் ஒரு நெக் வட்டமாக இருக்கும், இன்னொன்று பக்கவாட்டில் இழைக்கப்பட்டு ஒல்லியாகத் தெரியும். பெருவிரலை மேலே போட்டு வாசிக்கிறவருக்கும் நெக்கின் பின்னால் வைக்கிறவருக்கும் ஒரே நெக் ஒத்துவராது.

காம்பவுண்ட் ரேடியஸ் நல்ல தேர்வு. பழைய ஃபெண்டர் கிட்டாரின் ஃபிங்கர்போர்டு 7.25 அங்குல வளைவு, கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டில் கம்பியைப் பெரிதாக வளைத்தால் அது அடுத்த ஃப்ரெட்டில் உரசி ஒலி செத்துவிடும். கிப்சனின் 12 அங்குலம் இன்னும் தட்டை, அதில் அந்தத் தொல்லை குறைவு. நட் பக்கம் வளைவாகவும் மேலே போகப் போகத் தட்டையாகவும் இழைத்தால் இரண்டும் கிடைக்கும்.

24 ஃப்ரெட்டில்தான் எனக்குச் சந்தேகம். ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப் இருப்பது பிரிட்ஜிலிருந்து கம்பியின் கால் பங்கு தூரத்தில், அதாவது 24ஆவது ஃப்ரெட் வரவேண்டிய அதே இடத்தில். அங்கே ஃப்ரெட் போட்டால் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தாக வேண்டும். ப்ளூஸுக்கு நீங்கள் தேடும் அந்தக் கொழுத்த ஒலி கொஞ்சம் கெட்டிப்பட்டுவிடும். அந்தக் கடைசி இரண்டு ஃப்ரெட்டை எத்தனை பாட்டில் தொடுகிறீர்கள்?

ஏழாம்கம்பி:
நான் தொடுகிறேன். தினமும்.

மெட்டல் வாசிப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆனால் இங்கே எல்லாரும் அவரை ப்ளூஸ் பக்கமே இழுக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மல்டி ஸ்கேல் போடச் சொல்வேன். ஃப்ரெட்கள் விசிறி போல விரிந்திருக்கும், தடித்த கம்பிக்கு நீளம் அதிகம், மெல்லிய கம்பிக்குக் குறைவு. ரால்ஃப் நோவாக் இதற்கு 1989லேயே காப்புரிமை வாங்கினார், நேற்று வந்த மோஸ்தர் இல்லை. கணக்கும் எளிது: அதே கம்பி, அதே சுதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25.5இலிருந்து 27 அங்குலம் போனால் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் இழுவிசை. கீழே இறக்கிச் சுதி வைத்தாலும் கம்பி தொளதொளக்காது.

வளைகம்பி:
ஆறு கம்பிதான், சுதியும் டிராப் டி-க்குக் (தடித்த கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்குவது) கீழே போகமாட்டேன். அதற்கு விசிறி தேவையா?

ஏழாம்கம்பி:
அப்படியென்றால் தேவையில்லை. ஆனால் 24 ஃப்ரெட்டை விடாதீர்கள்.

ஒற்றைக்காயில்:
டிராப் டி என்கிறீர்கள், ஃப்ளாய்ட் ரோஸும் வேண்டும் என்கிறீர்கள். நட்டில் கம்பி பூட்டியிருக்கும்போது இரண்டு பாட்டுக்கு நடுவில் எப்படி இறக்குவீர்கள்? ஆலன் கீயோடு குனிந்து நிற்கப் போகிறீர்களா? ஸ்பிரிங்கின் இழுப்புக்கும் கம்பியின் இழுப்புக்கும் நடுவில் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியின் சுதி மாறினால் மற்ற ஐந்தும் கூடவே மாறும். ஒரு கம்பி அறுந்தால் அன்றைய பாட்டு அதோடு முடிந்தது. ப்ளூஸில் ஒரு கம்பியை வளைத்து இன்னொன்றைச் சேர்த்து ஒலிக்கவிடும்போது, வளைக்காத கம்பி தானாகக் கீழே இறங்கும்.

ஏழாம்கம்பி:
பின்பக்கக் குழியில் ஒரு மரத்துண்டை வைத்து, மேலே இழுபடாமல் தடுத்துவிட்டால் நீங்கள் சொன்ன மூன்றும் தீரும். கீழே அழுத்துவது அப்படியே வேலை செய்யும். ஃப்ளாய்ட் ரோஸ் கம்பியை இரண்டு முனையிலும் பூட்டுகிறது, எவ்வளவு ஆட்டினாலும் சுதி திரும்பி வரும். வேறு எந்த ட்ரெமலோவும் அதன் பக்கத்தில் நிற்காது.

உளி:
தடுத்துப் பயன்படுத்துவதற்கு ஃப்ளாய்ட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு தூண் ட்ரெமலோ, லாக்கிங் ட்யூனர் (கம்பியைப் பூட்டிக்கொள்ளும் முறுக்காணி), ஒழுங்காக அறுத்த நட், இது போதும். சுதி கலைவதாகச் சொல்லி வரும் கிட்டார்களில் பெரும்பாலும் கம்பி நட்டின் பள்ளத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கும். பள்ளம் இறுக்கம், அல்லது கோணம் தப்பு. பாவம், பழியை ட்யூனர் வாங்கிக்கொள்ளும்.

பழையவார்னிஷ்:
எல்லாரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்தைப் பற்றி யாராவது கேட்டீர்களா? மஹோகனியின் கனிவு, மேலே மேப்பிளின் கூர்மை, 1950களிலிருந்து வேலை செய்கிற கூட்டணி. தம்பி வளைகம்பி, மற்றது எதை மாற்றினாலும் அதை மாற்றாதே.

பௌதிகப்பித்தன்:
ஐயா, பிக்கப் என்பது காந்தமும் செம்புக்கம்பிச் சுருளும். அது பார்ப்பது தனக்கு மேலே எஃகுக் கம்பி ஆடுவதை. மேப்பிளா மஹோகனியா என்று அதற்குத் தெரியாது. வித்தியாசம் வேண்டுமென்றால் குமிழுக்கு அடியில் இருக்கும் 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துவிட்டு 250 போடுங்கள், உச்ச ஒலி மழுங்குவது குழந்தைக்கும் கேட்கும். பிக்கப்பை ஒரு மி.மீ. இறக்குங்கள், அதுவும் கேட்கும். நீளமான கேபிள் போட்டால் அதுவும் கேட்கும். மரம் இந்த வரிசையில் எங்கோ கடைசியில்.

பழையவார்னிஷ்:
இரண்டு பலகையைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று கணீரென்று ஒலிக்கும், இன்னொன்று பொத்தென்று.

பௌதிகப்பித்தன்:
தட்டும்போது காதில் விழுவது பலகை. ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கேட்பது கம்பி.

பழையவார்னிஷ்:
கம்பி என்ன அந்தரத்திலா கட்டியிருக்கிறது? இரண்டு முனையும் அந்தப் பலகையில்தானே இருக்கிறது. நெக்கில் சில ஃப்ரெட்டில் மட்டும் ஒலி சீக்கிரம் செத்துப்போவது ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம். அங்கே பிக்கப் என்ன செய்யும்?

பௌதிகப்பித்தன்:
நல்ல கேள்வி. டெட் ஸ்பாட் உண்மைதான். நெக்கின் அதிர்வெண்ணும் கம்பியின் அதிர்வெண்ணும் ஒத்துப்போகும் இடத்தில் நெக் கம்பியின் ஆற்றலை உறிஞ்சிவிடும். ஆனால் அதைத் தீர்மானிப்பது அந்த நெக்கின் விறைப்பும் எடையும். மரத்தின் சாதி இல்லை. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு துண்டே ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் ‘மஹோகனி கனிவு’ என்று பெயரை வைத்துச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

உளி:
இதில் நான் இரண்டு பேருக்கும் நடுவில். நெக்குக்கு மரம் எடுக்கும்போது இனத்தைவிட ரேகை நேராக ஓடுகிறதா, நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் உள்ளே இரண்டு கார்பன் ஃபைபர் தண்டும் வைப்பேன். பாடிக்கு முதல் கேள்வி எடை. மஹோகனியும் மேப்பிளும் சேர்ந்தால் 4 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். கிப்சனே 1980களின் தொடக்கத்தில் தன் லெஸ் பால் கிட்டாருக்குள் துளை போட ஆரம்பித்தது எடைக்காகத்தான். இரண்டு மணி நேரம் நின்று வாசித்த தோளிடம் கேளுங்கள், மரத்தைப் பற்றி அது சரியாகச் சொல்லும். 3.5 கிலோவுக்குள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே அறை குடைந்து அந்த எடைக்குக் கொண்டுவரலாம். அப்படிக் குடையும்போது தலை கனத்து நெக் கீழே சாயாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வார் மாட்டும் குமிழ் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்துப் பாதி சரிசெய்யலாம்.

ஃபிங்கர்போர்டுக்குப் பிரேசிலியன் ரோஸ்வுட் என்று மட்டும் யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிற மரம், காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்துவிட்டது.

ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்டை மாற்ற வேண்டாம். என் அரத்தைத் தின்னும், கூலியும் கூடும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

வளைகம்பி:
உளி அண்ணே, நடுவில் இருக்கும் சிங்கிள் காயில் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

உளி:
பிக் (கம்பியை மீட்டும் வில்லை) அதில் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபங்க் வாசிக்கிற பலருக்கு இடிக்கும். அதை எடுத்துவிட்டு இரண்டு ஹம்பக்கர், ஒரு ஐந்து நிலை சுவிட்ச் என்று வைத்தால், நடு நிலையில் இரண்டின் உள் காயிலையும் சேர்க்கலாம். காந்தத்தின் துருவமும் சுருளின் சுற்றும் எதிரெதிராக இருக்கும்படி பார்த்து இணைத்தால் இரைச்சலும் வராது. ஸ்ப்ளிட் மெலிந்து போகிறது என்று ஒற்றைக்காயில் சொன்னதற்கும் வழி உண்டு. இரண்டாவது காயிலை முழுதாக அணைக்காமல் ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு விட்டால் அதில் கொஞ்சம் மிச்சம் நிற்கும், சதைப்பற்று போகாது.

பிக்கப் குழி மட்டும் வழக்கமான அளவில் இருக்கட்டும். விசித்திரமான அளவில் குடைந்துவிட்டால் நாளைக்கு வேறு பிக்கப் மாட்ட மறுபடியும் மரத்தைத்தான் வெட்ட வேண்டும். ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டு) சக்கரத்தையும் நெக் பாடியோடு சேரும் இடத்தில், வெளியில் தெரிகிற மாதிரி கேளுங்கள். கம்பியைக் கழற்றாமல் திருப்பலாம்.

ஒற்றைக்காயில்:
விற்கும்போது என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள். உங்கள் கைக்கு இழைத்த நெக் இன்னொருவர் கைக்கு ஒத்துவராது, பாதி விலைகூடத் தேறாது.

வளைகம்பி:
விற்கிற எண்ணத்தோடு செய்வதென்றால் கடையிலேயே வாங்கிவிடுவேனே!

சரி, இதுவரை முடிவானது: 25.5 ஸ்கேல் அப்படியே. 22 ஃப்ரெட், நெக் பிக்கப் ஒலியை விட மனமில்லை. ஏழாம்கம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃப்ளாய்டுக்குப் பதில் இரண்டு தூண் ட்ரெமலோ, லாக்கிங் ட்யூனர். நெக் அளவை என் பழைய கிட்டாரிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். எடை 3.5க்குள். மஹோகனி, மேப்பிள் இரண்டும் இருக்கும், அழகாக இருக்கிறது என்பதற்காக. நடுப் பிக்கப் போய்விட்டது. ஃபேஸ் சுவிட்ச் இருக்கும்.

ஏழாம்கம்பி:
22ஐப் பின்னால் 24 ஆக்க முடியாது, சொல்லிவிட்டேன். நெக் பிக்கப்பின் கொழுப்பை ஆம்பில் டோனைத் திருப்பிக் கொண்டுவரலாம், இல்லாத ஃப்ரெட்டை எந்தக் குமிழும் கொண்டுவராது.

பௌதிகப்பித்தன்:
இல்லை, ஆம்பில் முழுதாக வராது. பிக்கப் இருக்கும் இடத்தைப் பொறுத்து எந்த ஹார்மானிக் (மேற்சுரம்) பலமாக விழும், எது காணாமல் போகும் என்பதே மாறிவிடும். பேஸைக் கூட்டினால் அது திரும்பாது. இந்த ஒன்றில் 22தான் சரி.

ஒற்றைக்காயில்:
எல்லாம் சரி, அந்த ஃபேஸ் சுவிட்சை மட்டும் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. டோன் குமிழையே இழுத்து அழுத்துகிற புஷ்-புல்லாகவாவது போடுங்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும்.

வளைகம்பி:
வியர்த்த கையில் புஷ்-புல் வழுக்கும். சின்ன டாகிள் சுவிட்ச்தான், வால்யூமுக்கும் டோனுக்கும் நடுவில். இடம் குறித்துக் கொடுத்தாயிற்று.