பொன்னியின் செல்வனுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம்?

நூலக நண்பர்களுக்கு வணக்கம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்தவர்கள் "இதே மாதிரி வேற இருக்கா?" என்று கேட்பார்கள். சரித்திர நாவல்தானே என்று பாலகுமாரனின் உடையாரை எடுத்துக் கொடுத்தால், பலர் முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது நிதானமாக நகரும் ஆறு பாக நாவல். அதனால் "அதுல எது பிடிச்சுது?" என்று முதலில் கேட்டுவிட வேண்டும். சோழர் காலமும் தஞ்சைக் கோயிலும் என்றால் உடையார் சரி. அத்தியாயத்துக்கு அத்தியாயம் இழுக்கும் வேகம் என்றால் சாண்டில்யனின் கடல் புறா. முதல் பாகம் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாசகரின் ஆர்வம் அங்கேயே வடிந்துவிடும்.

சிக்கல் மூன்றாவது வகையில்தான்: "வந்தியத்தேவன் பேச்சுதான் பிடிச்சுது" என்பவர்கள். நாவல் அலமாரி ஆசிரியர் பெயர் வரிசையில் இருப்பதால் துடுக்கான உரையாடலைத் தேடிப் பிடிக்க வழியில்லை. இவர்களுக்கு 250 பக்கத்துக்குள், ஒரே பாகமாக, இப்போதும் அச்சில் கிடைக்கும் நாவல்கள் வேண்டும். சரித்திரமாக இருக்க வேண்டியதில்லை. தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கையோடு, யாருக்கு ஒத்துவராது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தக் குறிப்புதான் கவுன்ட்டரில் அதிகம் உதவும்.