பணி மனக்கணக்கு: 'உளவியல் ஒப்பந்த'த்துக்கு ஒரு மாற்று

அனைவருக்கும் வணக்கம்.

ஊழியரும் நிறுவனமும் ஒருவருக்கொருவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்ற எண்ணத்தைக் குறிக்கும் 'psychological contract' என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் 'உளவியல் ஒப்பந்தம்', 'எழுதா ஒப்பந்தம்' என்ற இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் 'ஒப்பந்தம்' என்ற பகுதிதான் எனக்கு உறுத்துகிறது.

1960-இல் மேலாண்மை அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் இக்கருத்தை எழுதியபோது, தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய மேற்பார்வையாளருக்கும் இடையே பேசாமலே உருவாகும் இசைவைக் குறித்தார். அதற்கு ஒப்பந்தம் பொருந்தும். ஆனால் 1989-இல் அதே துறை ஆய்வாளர் டெனிஸ் ரூசோ தந்த வரையறை வேறு: நிறுவனம் எனக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது, நான் அதற்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்று ஊழியர் தம் மனத்தில் கொண்டிருக்கும் நம்பிக்கை. நிறுவனம் அதை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாமலும் இருக்கலாம். 'எழுதா' என்ற அடையும் சரிவராது. நியமனக் கடிதத்தில் உள்ளதும் இந்த நம்பிக்கையில் சேரும், நேர்காணலில் போகிற போக்கில் சொன்னதும் சேரும், சக ஊழியருக்குக் கிடைத்த பதவி உயர்வைப் பார்த்து நாமாக ஊகித்ததும் சேரும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஒப்பந்தம் என்றால் கையெழுத்தான நாளோடு உறைந்துவிடும். இது உறைவதில்லை. ராபின்சன், கிராட்ஸ், ரூசோ மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மேலாண்மைப் பட்டதாரிகளை வேலையில் சேரும் தறுவாயிலும் இரண்டு ஆண்டுகள் கழித்தும் கேட்டார்கள். நிறுவனம் தங்களுக்குச் செய்ய வேண்டியது கூடியிருப்பதாகவும், தாங்கள் செய்ய வேண்டியது குறைந்திருப்பதாகவும் அவர்கள் கருதினார்கள். இடையில் யாரும் எதையும் திருத்தி எழுதவில்லை. கணக்கு மட்டும் மனத்துக்குள் மாறிவிட்டது.

எனவே என் பரிந்துரை 'பணி மனக்கணக்கு'. 'அவர் ஒரு மனக்கணக்கு போட்டு வைத்திருந்தார்' என்று சொல்கிறோம் அல்லவா? ஒருதரப்பானது, வெளியே சொல்லாதது, நாளாக ஆக மாறுவது என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. 'பணி' என்ற அடை, பள்ளிக் கணிதத்தோடு குழம்பாமல் காக்கும்.

ஊழியரை ஆதாயம் பார்ப்பவராக இச்சொல் காட்டிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். சம்பளம், மிகைநேரப் படி போன்றவை இதில் ஒரு பகுதி. விசுவாசமும் பணிப் பாதுகாப்பும் சேர்ந்த மறுபகுதியில்தான் காயம் ஆழமாகப் படுகிறது. அதனால் கிளைச்சொற்களில் 'கடன்' என்பதைக் கொண்டுவரலாம். செஞ்சோற்றுக்கடன், நன்றிக்கடன் என்னும்போது பணமா நினைவுக்கு வருகிறது? நிறுவனம் செய்ய வேண்டியது 'பெறுகடன்', ஊழியர் செய்ய வேண்டியது 'தருகடன்'. மேலே சொன்ன ஆய்வின் முடிவையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பெறுகடன் ஏறுகிறது, தருகடன் இறங்குகிறது.

அப்புறம், எதிர்பார்த்தது கிடைக்காதபோது நேர்வதை ஆய்வாளர்கள் மாரிசனும் ராபின்சனும் 1997-இல் இரண்டு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள்; அவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும். சொன்னது வந்துசேரவில்லை என்று அறிவது ஒன்று. அதனால் எழும் கோபமும் ஏமாற்றப்பட்ட உணர்வும் வேறொன்று. முதலாவது எப்போதும் இரண்டாவதில் போய் முடிவதில்லை. நிறுவனம் வேண்டுமென்றே கைவிட்டதா, அல்லது இருதரப்பும் ஒரே பேச்சை வெவ்வேறாகப் புரிந்துகொண்டதா என்று ஊழியர் எடைபோடுவது இவற்றுக்கு இடையில்தான். இரண்டையும் 'மீறல்' என்றே எழுதினால் இந்த இடைவெளி காணாமல் போகிறது. முதலாவதற்கு 'வாக்குக்குறை' என்பதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டாவதற்கு 'நம்பிக்கை முறிவு' என்று நினைத்தேன். ஆனால் அது உணர்வைவிட உறவின் முடிவைச் சொல்வதுபோல் இருக்கிறது. 'வஞ்சிப்புணர்வு' சற்றுக் கடுமையானாலும் அதுவே நெருக்கமாகப் படுகிறது. இந்த ஒன்றில் உங்கள் கருத்து வேண்டும்.