டோரண்ட் வச்சிருந்தாலே திருடனா?

தேக்கா_மணி:
இன்னைக்கு ஆபீஸ்ல என் சொந்த லேப்டாப்ல, ஃபைல் எறக்குற டோரண்ட் சாஃப்ட்வேர் இருக்கிறத ஐடி ஆளு பாத்துட்டு, "என்ன தம்பி, திருட்டுப் படமா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. நான் எறக்குனது உபுண்டு, விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அவங்க சைட்லயே டோரண்ட் லிங்க் இருக்கு. பிராம் கோஹன்ங்கிற புரோகிராமர் 2001-ல இந்த டோரண்ட் முறைய வெளியிட்டதே, பெரிய ஃபைல ஒரே சர்வர் தலையில கட்டாம எறக்குறவங்களே துண்டு துண்டா ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கட்டும்னுதான். விண்டோஸ் அப்டேட்டும் இதே மாதிரி மத்த கம்ப்யூட்டர்லேருந்து துண்டு வாங்கிக்கும், அத யாராச்சும் திருட்டுன்னு சொல்றாங்களா?

ஈசூன்_கலா:
தம்பி, உபுண்டுக்காக டோரண்ட் போடுறவங்க நம்ம ஊர்ல எத்தன பேரு இருப்பாங்க? படம் தியேட்டருக்கு வந்தவுடனே லிங்க் கேட்டு மெசேஜ் போடுற சொந்தக்காரங்க எனக்கே இருக்காங்க. 2018-ல சிங்கப்பூர் ஹைகோர்ட் 53 திருட்டுப் பட சைட்ட பிளாக் பண்ணச் சொன்னுச்சு, பைரேட் பேங்கிற டோரண்ட் சைட்டும் அதுல ஒண்ணு. நான் எடிட்டிங் வேலை பாக்குறவ, ராத்திரி பகலா உக்காந்து செஞ்சத ஓசியில எடுத்துட்டுப் போனா வயிறு எரியும்லா. பேரு சும்மா கெடல.

தேக்கா_மணி:
அக்கா, வயிறு எரியறது நியாயம், ஆனா கோர்ட் பிளாக் பண்ணது சைட்ட, டோரண்ட இல்ல. இப்ப திருட்டு டிவி பெட்டியிலயும்தான் ஓடுது, 2021 காப்பிரைட் சட்டம் அந்த மாதிரி பெட்டி விக்கிறவங்களயும் புடிக்குது, அடுத்த வருஷமே சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல ரெய்டு நடந்துச்சு. அந்தப் பெட்டியில ஓடுறது ஸ்ட்ரீமிங், அதாவது எறக்கி வைக்காம நெட்லேருந்து நேரா பாக்குறது. ஆனா ஸ்ட்ரீமிங்ல படம் பாத்தேன்னு சொன்னா யாரும் திருட்டுப் படமான்னு கேக்குறதில்லயே, எங்களுக்கு மட்டும் ஏன்?

ஜூரோங்_ரவி:
மணி, காரணம் இருக்கு. டோரண்ட்ல எறக்கும்போதே நீ மத்தவங்களுக்கு அனுப்பவும் செய்ற. திருட்டுப் படமா இருந்தா நீ பாத்தவன் மட்டும் இல்ல, விநியோகம் பண்ணவனும்தான். அந்த ஃபைல பகிர்றவங்க எல்லாருக்கும் உன் ஐபி முகவரி, அதாவது உன் இன்டர்நெட் இணைப்போட நம்பர், தெரியும். 2015-ல டல்லாஸ் பையர்ஸ் கிளப் படத்துக்காக இங்க இன்டர்நெட் சந்தாதாரங்களுக்கு வக்கீல் லெட்டர் வந்தது அப்படித்தான். ரூம் வாடகைக்கு இருக்கிற பையன் எறக்குனாலும் லெட்டர் வீட்டுக்காரர் பேர்ல வரும். ஜனங்க பயப்படாம என்ன செய்வாங்க?

தேக்கா_மணி:
அண்ணே, நீங்க சொல்ற அதே குணத்தாலதான் காசு இல்லாத சின்னக் குழுகூட பெரிய ஃபைல உலகத்துக்கே குடுக்க முடியுது. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இலவச ஆன்லைன் நூலகம் பழைய புத்தகத்துக்கெல்லாம் டோரண்ட் வச்சிருக்கு. என்ன ஃபைலுன்னு பாத்துட்டு பேசுங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

ஈசூன்_கலா:
சட்டப்படி குடுக்குற ஃபைலா இருந்தா எனக்கு ஆட்சேபனை இல்ல. ஆனா அந்த ஐடி ஆளு இடத்துல நான் இருந்தாலும் கேட்டுத்தான் இருப்பேன் தம்பி, தனியா கூப்பிட்டு.