புதுப்பிப்பு: வார இதழில் வந்த கட்டுரைகளை நூலாக்கும் உரிமை யாருக்கு?

கும்பகோணத்திலிருந்து ஒரு வார இதழுக்குச் சுதந்திர எழுத்தாளனாக எழுதிய காவிரிப் பாசனக் கட்டுரைகளை நூலாக்க, இதழின் அனுமதி தேவையா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நூல் அச்சுக்குப் போய்விட்டது.

கைகொடுத்தது, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். சம்பள ஊழியராக இல்லாத எழுத்தாளரே முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது என்கிறது 19-ஆம் பிரிவு. நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை. இதைக் குறிப்பிட்டு எழுதியதும் ஆசிரியர் குழு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டது. படங்களின் உரிமை மட்டும் புகைப்படக் கலைஞருடையது. அவரிடம் தனியே எழுதி வாங்கினேன்.

எதிர்பாராதது ஒன்று. என்னிடம் இல்லாத ஒரு கட்டுரையைத் தலைஞாயிறு பக்கத்து வாசகர் ஒருவர் கத்தரித்து வைத்திருந்தார். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பதைச் சொல்லும் பத்தியின் ஓரத்தில், கடைமடையான தம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த தேதியை ஆண்டுதோறும் பென்சிலால் குறித்திருக்கிறார். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! அவர் சம்மதத்தோடு அந்தத் தேதிகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறேன்.